மிதக்கும் தீவுகளுக்கிடையே வான்கப்பல்: தொடராட்டத்தை எப்படித் திட்டமிடுவது?

மூடுபனி (சுங்கை சிப்புட், பேரா) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆறு பிள்ளைகளைச் சேர்த்து, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பைத் தமிழில் நடத்தி வருகிறேன். நான் கதை சொல்ல, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிள்ளைகள் முடிவெடுத்துப் பகடை உருட்டும் கதையாட்டம் இது. எல்லாரும் இரண்டாம் படிவம் முதல் நான்காம் படிவம் வரை படிப்பவர்கள். ஏழு மாதங்களாகக் காட்டிலும் குகையிலும் நடந்த கதையைச் சென்ற மாதம் வானத்துக்குக் கொண்டுபோனேன். அதற்குக் காரணம் நாங்கள் அன்றாடம் பார்க்கும் ஒரு காட்சிதான். காலை ஏழு மணிக்குச் செம்பனைத் தோட்டத்துச் சடக்கிலிருந்து (சாலையிலிருந்து) பார்த்தால், சுண்ணாம்புக்கல் மலைகளின் அடிவாரத்தை மூடுபனி முழுவதும் மறைத்திருக்கும். செங்குத்தான வெள்ளைப் பாறையும் அதன் தலையில் பச்சை மரங்களும் மட்டும் அந்தரத்தில் நிற்கும். அந்த மலைகள் உண்மையிலேயே மிதந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு பிள்ளை கேட்டதிலிருந்து இந்தக் கதை பிறந்தது.

வான்கப்பல் என்றதும் அவர்கள் முதலில் விமானத்தைத்தான் நினைத்தார்கள். மலாய் மொழியில் விமானத்தைப் பறக்கும் கப்பல் என்னும் பொருளில் 'கப்பால் தெர்பாங்' என்றுதானே சொல்கிறோம்? ஆகவே நீண்ட வாயுப்பையும் அதன் அடியில் தொங்கும் மரத்தளமும் கொண்ட ஒரு கலத்தைப் பலகையில் வரைந்து காட்டினேன். வரைவது எளிதாக இருந்தது. நடத்துவதில்தான் மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

கப்பல் கைக்கு வந்த மறுவாரமே, நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்த பாழடைந்த கோட்டைத் தீவை மேலேயிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவர்கள் நேராகக் கதையின் கடைசித் தீவுக்கே பறந்துவிட்டார்கள். ஒரு புயலை வரவழைத்து அவர்களைத் திருப்பியிருக்கலாம். ஆனால் அது அவர்களுடைய முடிவை நான் பிடுங்கிக்கொண்டதாக ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பயணமும் வெறுமையாக இருக்கிறது. 'மூன்று நாள் பறந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்ற ஒரே வாக்கியத்தில் வானம் முழுவதும் முடிந்துவிடுகிறது. இடையில் பறவைக் கூட்டத்தையோ கொள்ளையரையோ கொண்டுவந்தால், சண்டை முடிந்ததும் மீண்டும் அதே வெறுமைதான்.

மூன்றாவதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. சென்ற வாரம் ஒரு பெரும்பறவை மோதி, ஒரு மாணவியின் பாத்திரம் தீவின் விளிம்பிலிருந்து விழுந்தது. மண்டபமே அமைதியாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் என் மனம் இளகி, பாறையில் முளைத்திருந்த ஓர் ஆலமரக் கிளை அவளைத் தாங்கிவிட்டது என்று சொன்னேன். நான் காப்பாற்றினேன் என்பது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அன்று முதல் அவர்கள் விளிம்பைக் கண்டு அஞ்சுவதில்லை. மிதக்கும் தீவில் விளிம்பைக் கண்டு அச்சமில்லை என்றால், அந்தத் தீவு தரையிலேயே இருந்துவிட்டுப் போகலாம். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கொதிகலன் (பாகான் டத்தோ) எழுதியது:

வணக்கம் தம்பி. நான் செம்பனை ஆலையில் பாய்லர் பிரிவில் வேலை செய்பவன். நீராவியும் எடையும் அழுத்தமுமே என் அன்றாடக் கணக்கு. நீங்கள் சொன்ன முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உங்கள் கப்பல் எதையும் கேட்காமல் பறக்கிறது. உண்மையான வான்கப்பல் ஒவ்வொரு மணி நேரமும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோவைத் தூக்கும். ஹீலியம் ஏறத்தாழ 1 கிலோ. ஒரு டன் சரக்குக்காக மட்டும் 10 மீட்டர் நீளமும் அகலமும் உயரமும் கொண்ட அறையளவு வாயு வேண்டும். அதனால்தான் ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் வான்கப்பல் 245 மீட்டர் நீளமும் சுமார் 2 லட்சம் கன மீட்டர் கொள்ளளவும் கொண்டதாகக் கட்டப்பட்டது. இனி உங்கள் ஆட்ட விதியைப் பாருங்கள்: 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு நூலின்படி வான்கப்பலுக்கு விலை 20,000 பொன், வேகம் மணிக்கு 8 மைல், மாலுமிகள் 10 பேர், பயணிகள் 20 பேர், சரக்கு ஒரே ஒரு டன். அந்த ஒரு டன்னைத்தான் பலரும் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். உங்கள் தொடராட்டம் முழுவதையும் அந்த ஓர் எண்ணின்மேல் கட்டலாம்.

பிள்ளைகளிடம் கூட்டல் கழித்தல் தாளைக் கொடுக்க வேண்டாம். உங்கள் பக்கத்தில் இன்னும் பழைய பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) மிஞ்சியிருந்தால், அவற்றின் அடியில் கிடக்கும் புள்ளி போட்ட விதைகளைப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். ஒரு விதைக்கு 50 கிலோ என்று கொள்ளுங்கள். அட்டையில் கப்பலை வரைந்து அதன் வயிற்றில் 20 வட்டங்கள் போடுங்கள். உணவு, குடிநீர், எரிபொருள், ஆயுதம், வாங்கிய சரக்கு எல்லாம் விதைகளாக வட்டத்தில் உட்கார வேண்டும். விதை வட்டத்தைவிட மிகுந்தால் கப்பல் தாழும். குறைந்தால் தானாக ஏறும். இரண்டும் சமமாக இருந்தால்தான் நின்ற இடத்தில் நிற்கும். ஆகையால் வெறும் கப்பலும் நிலையாக நிற்காது. அதற்காகவே நீரைப் பாரமாக ஏற்றி வைப்பார்கள். ஏற வேண்டுமென்றால் நீரைக் கொட்டுவார்கள், இறங்க வேண்டுமென்றால் வாயுவைத் திறந்துவிடுவார்கள். கொட்டிய நீரை மழையில் மீண்டும் பிடிக்கலாம். ஜெர்மனியின் ஜெப்பலின் வகை வான்கப்பல்களில் வெளியுறைமேல் வழியும் மழைநீரையே சேர்த்துக்கொண்டார்கள். திறந்துவிட்ட வாயு மட்டும் துறைமுகம் சேரும்வரை திரும்பாது. எனவே வாயுவை விடும்போது ஒரு வட்டத்தைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அந்தப் பேனாக் கோட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் எப்படி நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று கவனியுங்கள்.

வானிலையையும் இதே விதைகளில் சொல்லலாம். மழை பெய்தால் நனைந்த உறைக்காக இரண்டு விதை கூடும். பெரிய கப்பல்களில் இது டன் கணக்கில் இருந்தது. உச்சிவெயிலில் வாயு சூடேறி விரிவதால் தற்காலிகமாக இரண்டு வட்டம் கூடும். இரவில் அவை மறையும். எரிபொருள் எரிய எரிய விதை குறைந்து கப்பல் இலேசாகும். கிராஃப் ஜெப்பலின் என்ற வான்கப்பல் இந்தச் சிக்கலைத் தவிர்க்கக் காற்றின் எடையை ஏறத்தாழ ஒத்த ஒரு வாயுவையே எரிபொருளாகப் பயன்படுத்தியது; எரிந்து தீர்ந்தாலும் எடையில் மாற்றம் பெரிதாக இருக்காது. உங்கள் கதையில் அப்படியொரு எரிபொருளின் செய்முறைச் சுவடி பொற்குவியலைவிடப் பெரிய புதையலாகும்.

உயரத்துக்கும் விலை உண்டு. மேலே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறையும். தரையில் 20 வட்டமாக இருக்கும் பை 2 கிலோமீட்டரில் 16, 3 கிலோமீட்டரில் 15, 5 கிலோமீட்டரில் 12 வட்ட அளவுக்குத்தான் தூக்கும். கப்பலின் சொந்த எடையையும் சேர்த்தால் உண்மைக் கணக்கு இன்னும் கடுமையாகும். ஆட்டத்துக்கு இந்த அளவு போதும். நிறைந்த பையோடு மேலே போனால் விரிந்த வாயு தடுக்கிதழ் (வால்வு) வழியே வெளியேறிவிடும், கீழே இறங்கினாலும் அது வராது. ஆகவே புறப்படும் முன்பே 'இந்தப் பயணத்தில் எவ்வளவு உயரம் போகப் போகிறோம்?' என்று அவர்கள் தீர்மானித்து, அதற்கேற்ற அளவுக்குத்தான் வாயுவை நிரப்ப வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்கு அளவு புரிய, கேமரன் மலையின் ஊர்கள் சுமார் 1,500 மீட்டர், கொர்பு மலை 2,183 மீட்டர், கினபாலு 4,095 மீட்டர் என்று சுவரில் கோடு போட்டுக் காட்டுங்கள். கடைசித் தீவைக் கினபாலு உயரத்தில் வைத்து, அங்கே மட்டும் கப்பலின் சொந்த எடையையும் கணக்கில் சேர்த்துவிட்டால், அங்கே போகும் கப்பல் ஏறத்தாழ வெறுங்கையோடுதான் போக முடியும். அதற்கு உதவும் பொருளோ ஆளோ அறிவோ பாழடைந்த கோட்டைத் தீவில் இருக்கட்டும். அவர்கள் அதைத் தாண்டிப் பறக்க உரிமை உண்டு; போய்ச் சேர மட்டும் முடியாது.

எங்கள் ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் குமிழியிட்டு வரும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். தூய மீத்தேனுக்கு ஹைட்ரஜனின் பாதித் தூக்குதிறன்தான் உண்டு. சதுப்பு நிலமுள்ள ஏழைத் தீவு ஒன்றில் அந்த மட்டமான வாயு மட்டும் கிடைப்பதாக வைத்துப் பாருங்கள். பழுதாகி இறங்கிய கப்பல் அதை நிரப்பிக்கொண்டு பாதிச் சுமையோடு தடுமாறிப் போவதே ஒரு முழு அமர்வுக்குப் போதும்.

நீகான் (பகாவ், நெகிரி செம்பிலான்) எழுதியது:

தம்பி மூடுபனிக்கும் கொதிகலன் அவர்களுக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியன். பேரப்பிள்ளைகள் பகடை உருட்டுவதைப் பார்த்து இந்த ஆட்டத்தில் ஈடுபாடு கொண்டவன். கணக்கைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. காற்றைப் பற்றியும் பெயர்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

மணிக்கு 8 மைல் என்பது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். எதிர்க்காற்று அதே வேகத்தில் வீசினால் உங்கள் கப்பல் இருந்த இடத்திலேயே நிற்கும். பலகையில் அம்புக்குறி போடுவதோடு காற்றை விட்டுவிடாமல், தீவுகளுக்கிடையே போகும் பாதையாகவே அதை வரையுங்கள். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் இருக்கிறது: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. வெவ்வேறு உயரத்தில் வெவ்வேறு காற்று வீசும் என்பதும் உண்மையே. பலூனில் செல்வோர் ஏறியும் இறங்கியும்தான் திசையைத் தேர்ந்துகொள்கிறார்கள். '1 கிலோமீட்டரில் கொண்டல், 2 கிலோமீட்டரில் வாடை' என்று ஒரு சிறு அட்டவணை உங்களிடம் இருந்தால், கொதிகலன் சொன்ன விதைகளும் என்னுடைய காற்றும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். வேண்டிய காற்று மேலே இருக்கும். மேலே போனால் சரக்கை இறக்க வேண்டியிருக்கும். அந்த இழுபறியிலேயே பயணம் நிறைந்துவிடும்.

பருவமும் வேண்டும். நம் நாட்டில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடாரத்துக்கு வந்த பழைய வணிகர்கள் ஒரு காற்றில் வந்து, மறுகாற்றுக்காகக் காத்திருந்து திரும்பினார்கள். உங்கள் வீரர்களும் ஒரு தீவில் காற்று மாறும்வரை காத்திருக்கட்டும். ஊரைப் பழகவும், கடன் வாங்கவும், பகை தேடவும் அந்தக் காத்திருப்பு இடம் கொடுக்கும்.

மிதக்கும் கோட்டை என்னும் கற்பனைக்கு வேற்று நாட்டுப் பெயர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சோழரின் முன்னோன் ஒருவனைப் பழம்பாடல்கள் 'தூங்கெயில் எறிந்த'வன் என்று போற்றுகின்றன. இங்கே தூங்குதல் என்றால் தொங்குதல். எயில் என்றால் மதில். வானத்தில் தொங்கிய கோட்டைகளை அழித்தவன் என்பது பொருள். பொன், வெள்ளி, இரும்பு என்னும் மூன்று பறக்கும் கோட்டைகள் ஒரே கோட்டில் வரும் கணத்துக்குக் காத்திருந்து சிவபெருமான் ஒரே அம்பால் அவற்றை எரித்த கதையும் பிள்ளைகளுக்குத் தெரிந்ததே. அதை அப்படியே எடுக்காமல் அதன் எலும்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: மூன்று தீவுகள் மூன்று வேகத்தில் சுற்றுகின்றன; அவை நேர்கோட்டில் வரும் ஒரே ஓர் இரவில்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வடம் கட்ட முடியும். நாள்காட்டியை மேசைமேல் வைத்துவிட்டால், அவசரத்தைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவே வேண்டாம்.

புறநானூற்றின் 27ஆம் பாடலில் 'வலவன் ஏவா வான ஊர்தி' என்றொரு தொடர் வருகிறது. வலவன் என்றால் செலுத்துபவன். செலுத்துவார் இல்லாத ஒரு வான்கலம், விளக்கெரிய, அந்தி நேரத்தில் உங்கள் கப்பலுக்கு அருகே மிதந்து வருவதாக ஒரு காட்சியை வைத்துப் பாருங்கள். கப்பலின் தலைவனை மீகாமன் என்றும், முன்புறத்தை அணியம் என்றும், திருப்பும் துடுப்பைச் சுக்கான் என்றும் பிள்ளைகள் சொல்லிப் பழகட்டும். சொல் சொந்தமானால் கப்பலும் சொந்தமாகிவிடும்.

ஒட்டுப்பால் (கூலிம், கெடா) எழுதியது:

தம்பி, கொதிகலன் அண்ணனின் விதைக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை. நான் ஐந்து ஆண்டுகளாகப் பெரியவர்களுக்கு இந்த ஆட்டத்தை நடத்துகிறேன். கணக்கு மேசையை ஆக்கிரமித்த அமர்வுகளையும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் பயணத்துக்கு ஒரே ஒரு முறைதான் விதையைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையா வெயிலா, ஏறுகிறோமா இறங்குகிறோமா, ஒரு கேள்வி, ஒரு முடிவு, அவ்வளவுதான். மீதி நேரம் தீவில் இருக்கும் மனிதர்களுக்கு உரியது.

தீவுகளைத் திட்டமிடும்போது நான் தோட்டத்தைத்தான் மாதிரியாக வைப்பேன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), ஒரு கோவில், ஒரு பள்ளி, ஒரு கடை, அந்தக் கடையில் ஒரு கடன் புத்தகம் இருந்தன. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வருகைக் கணக்கெடுப்புக்கு, ஆட்கள் நின்ற இடமும் இருந்தது. வெளியே போக ஒரே சடக்கு. அதுவே ஒரு தீவுதான். ஆகவே ஒவ்வொரு தீவுக்கும் மிஞ்சிய பொருள் ஒன்று, இல்லாத பொருள் ஒன்று, வெளியாளிடம் சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று, இவற்றை மட்டும் எழுதுங்கள். தாழ்ந்த தீவில் வெப்பம் இருப்பதால் பால்மரம் வளரும். துணியில் ரப்பர் பூசிச் செய்த வாயுப்பைகள் உண்மையான வான்கப்பல்களில் இருந்திருக்கின்றன, எனவே கப்பலின் கிழிசலை ஒட்ட அந்தத் தீவை நாடித்தான் ஆக வேண்டும். ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 6.5 டிகிரி குளிரும் என்பதால் உயர்ந்த தீவில் தேயிலை வளரும், ரப்பர் வளராது. பாறைத் தீவில் குடிநீர் இருக்காது. அங்கே உங்கள் பாரநீரையே விலைக்குக் கேட்பார்கள். விற்றால் கப்பல் தானாக ஏறத் தொடங்கும், ஆகவே பதிலுக்கு எதையாவது ஏற்றிக்கொள்ள வேண்டும். அங்கே கல்லைத் தவிர வேறொன்றும் இல்லை என்றால் பேரம் சூடுபிடிக்கும்.

நான் நடத்தியவற்றில் எல்லாரும் இன்னும் பேசுவது ஒரு குடிபெயர்வுக் கதை. எங்கள் பாட்டி வாழ்ந்த தோட்டம் விற்கப்பட்டு லயம் காலியானபோது, ஒரே லாரியில் என்னென்ன ஏற்றுவது என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு நடந்ததாம். தையல் இயந்திரம் ஏறியது. மர அலமாரி நின்றுவிட்டது. அம்மிக்கல்லைப் பாட்டி தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். அதை அப்படியே வானத்துக்குக் கொண்டுபோனேன். ஒரு தீவு துண்டு துண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறது. கப்பலில் 20 வட்டம். கரையில் பன்னிரண்டு குடும்பங்கள். சண்டையே இல்லாத அமர்வு அது. நான்கு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

இனி விளிம்பைப் பற்றி. ஐந்தாம் பதிப்பில் விழும் ஒவ்வொரு 10 அடி உயரத்துக்கும் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டிச் சேதத்தைக் கணக்கிடுவோம், அதிகபட்சம் 20 பகடை. சராசரியாக 70 புள்ளிதான். 200 அடியிலிருந்து விழுந்தாலும் கொர்பு மலை உயரத்திலிருந்து விழுந்தாலும் சேதம் ஒன்றே. ஆகவே சேதத்தின் அளவை நம்பி அச்சத்தை உருவாக்க முடியாது, நேரத்தை நம்புங்கள். ஒரு மனிதர் 1,000 மீட்டர் விழச் சுமார் 22 விநாடி ஆகும். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடி. ஆகவே ஏறத்தாழ நான்கு சுற்று இருக்கிறது. விழுவதை மெல்லச் செய்யும் மந்திரம் ஒரு நிமிடம்தான் நீடிக்கும், அதற்குள் 600 அடிதான் இறக்கும். பதறிப் போய் முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டால் பாதி வானத்தில் மந்திரம் தீர்ந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் விழுபவருக்கு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள்: முதலில் மேகம், பிறகு மேகத்தின் அடிவயிறு, பிறகு ஆறு, பிறகு ஆற்றங்கரையில் துணி துவைப்பவர். 'இப்போதா?' என்று கேளுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியதில் தவறில்லை, தம்பி. ஆனால் விழுந்ததை இல்லாமல் ஆக்கிவிடாதீர்கள். அவள் பிழைத்தாலும் கீழே, மூடுபனிக்கு அடியில், தோழர்களின்றித் தனியே நிற்கட்டும். கப்பல் இறங்கி அவளைத் தேட வேண்டும். இறங்க வாயுவை விட வேண்டும். அதற்கு ஒரு வட்டம் அழியும்.

கொதிகலன் எழுதியது:

ஒட்டுப்பால் அவர்கள் சொன்னது சரி, நாளுக்கு ஒரு முறை போதும். துறை சேரும் காட்சிக்காக இன்னொரு செய்தியைச் சேர்க்கிறேன். 1932 மே 11 அன்று கலிபோர்னியாவில் அமெரிக்கக் கடற்படையின் அக்ரான் வான்கப்பல் தரையைத் தொட முயன்றபோது, வெயிலில் ஹீலியம் சூடேறியும் எரிபொருள் பெருமளவு செலவாகியும் கப்பல் மிக இலேசாகிவிட்டதால், அது தரைப் பணியாளர்கள் பிடித்திருந்த கயிறுகளோடு மேலே கிளம்பிவிட்டது. பெரும்பாலோர் உடனே கைவிட்டார்கள். மூவர் தொங்கிக்கொண்டு போனார்கள். இருவர் விழுந்து இறந்தார்கள். ஒருவர் நெடுநேரம் பிடித்திருந்து கப்பலுக்குள் இழுக்கப்பட்டார். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. துறை சேர்வதைச் சிறு காரியமாக ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். உச்சிவெயிலில் இறங்காமல் மாலை குளிரும்வரை காத்திருப்பது நல்ல மீகாமனின் அடையாளம். ஆனால் நம் பேராவில் மாலை நான்கு மணிக்கு இடிமழை வருவது பிள்ளைகளுக்கே தெரியும். இரண்டுக்கும் நடுவில் அவர்கள் நேரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும்.

மூடுபனி எழுதியது:

கொதிகலன் அண்ணன், நீகான் ஐயா, ஒட்டுப்பால் அக்கா, மூவருக்கும் நன்றி. நேற்று ஆட்டம் நடந்தது.

கோவிலுக்குப் பின்னால் இன்னும் நான்கு பால்மரங்கள் நிற்கின்றன. பிள்ளைகள் நாற்பது விதைகளுக்கு மேல் பொறுக்கி வந்து கழுவி, துணியில் துடைத்து, அட்டைமேல் வைத்தார்கள். அக்கா சொன்ன குடிபெயர்வுக் கதையைச் சிறிதாக்கி, ஐந்து குடும்பங்கள் என்று வைத்தேன். ஆள் எல்லாரும் பயணிகள் கணக்கில் அடங்கிவிட்டார்கள். தட்டுமுட்டுச் சாமான்களும் நீரும் எரிபொருளும் நங்கூரமும் சரியாக 20 வட்டத்தை நிரப்பின. புறப்பட்ட அரை நாளில் மழை. நான் ஒன்றும் பேசாமல் இரண்டு விதைகளை எடுத்து அட்டைமேல் வைத்தேன். கப்பல் தாழத் தொடங்கியது.

பாரநீரைக் கொட்டலாமே என்றான் ஒருவன். சேரப் போவது பாறைத் தீவு, அங்கே நீர்தான் நமக்குப் பணம் என்று இன்னொருத்தி தடுத்தாள். மூன்றாம் படிவத்துப் பையன், யாரையும் கேட்காமல், நங்கூரத்துக்கும் அதன் சங்கிலிக்கும் உரிய இரண்டு விதைகளை எடுத்து மேசையிலிருந்து கீழே போட்டுவிட்டான். கப்பல் நிமிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தீவை நெருங்கும்போது மழை விட்டு, வெயில் வந்து, உறை உலர்ந்து, கப்பல் இலேசாகி மேலேறத் தொடங்கியபோதுதான் நங்கூரம் இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது. வாயுவை விட்டால் ஒரு வட்டம் அழியும். மண்டபத்துக் கடிகாரம் மூன்றரை காட்டியது. ஆட்டத்திலும் அதே மூன்றரை என்று சொல்லிவிட்டேன். வெளியே உண்மையிலேயே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

அப்போது, முன்பு விளிம்பிலிருந்து விழுந்த அந்த மாணவிதான், சரக்கில் இருந்த பாட்டியின் அம்மிக்கல்லைக் காட்டி, வடத்தை அதில் கட்டிப் பாறை இடுக்கில் இறக்கலாம் என்றாள். பாட்டியாக நான் பேச வேண்டியிருந்தது. நான் யோசித்து முடிக்கும் முன்பே அவள், 'கட்டுவது என் கையால், இறங்கி எடுத்து வருவதும் நானே' என்று பாட்டியிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். கல்லை இறக்கிய இடத்தில் அமர்வை நிறுத்திவிட்டேன். அவள் அடுத்த வாரம் அந்த வடத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பைத் தாண்டி இறங்க வேண்டும். மேசையில் எல்லாருக்கும் அது தெரியும். வீட்டுக்குப் போகும்போது யாரும் பேசவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். கதையில் வரும் அந்த அம்மிக்கல் 25 கிலோதான் என்று வைத்திருக்கிறேன். ஒரு கப்பலை அது நிறுத்தும் என்று நான் ஒப்புக்கொள்வது முறையா?

கொதிகலன் எழுதியது:

முறைதான், தம்பி. நங்கூரம் கப்பலை நிறுத்துவது அதன் எடையால் அன்று, எங்கே கவ்விப் பிடிக்கிறது என்பதால். சுண்ணாம்புக்கல் பாறையில் மழைநீர் அரித்த இடுக்குகள் நிறைய இருக்கும். நம் மலைகளைப் போய்த் தொட்டுப் பார்த்தாலே தெரியும். அம்மிக்கல் அகலமானது, தட்டையானது. குறுக்காகச் சிக்கிக்கொண்டால் மேல்நோக்கிய இழுப்பில் இன்னும் இறுகும். இழுப்பு பக்கவாட்டில் மாறினால்தான் நழுவும். ஆகவே காற்று எந்தத் திசையில் இருக்கிறது என்பதை அமர்வின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அது எப்போது மாறும் என்பதைத் தாளில் எழுதி மடித்து உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மனம் இளகினாலும் உங்களால் அதை மாற்ற முடியாது. அவள் இறங்குவதற்கு முன்னால் இடுப்பில் இரண்டாவது கயிறு கட்டிக்கொள்கிறாளா என்று மட்டும் ஒரு முறை கேளுங்கள்.